நிரல்நிறையும் வலைப்பக்க அட்டவணையும்

செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறையைப் பொருள்கோள் என்பர் இலக்கண நூலார். தொல்காப்பியர் நான்கெனக் கூறிய இதனைப் பவணந்தி முனிவர் நன்னூலில் எட்டாக விரித்தார். இரு நூல்களிலும் இடம்பெறுவது நிரல்நிறை. சில சொற்களை ஒரு வரிசையில் நிறுத்தி, அவற்றிற்குரிய பொருள்களை மற்றொரு வரிசையில் நிறுத்தி, முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது என இணைத்துக்கொள்ளுமாறு விடுவதே அதன் இயல்பு. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரத்தில் அன்பை இல்வாழ்க்கையின் பண்பாகவும் அறத்தை அதன் பயனாகவும் நாம் பொருள் கொள்வது இம்முறையாலன்றோ? ‘இதற்கு இது’ என்று புலவர் சொல்லவில்லை; நின்ற இடமே சொல்லிவிடுகிறது.

வலைப்பக்கம் எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் அட்டவணை அமைக்கும் முறையை நம் இளங்கலைத் தமிழ் மாணவர்களுக்குக் கற்பிக்கப் புகுந்தபோது, இந்த நிரல்நிறையே நமக்குக் கைகொடுத்தது. ‘கணினி நமக்கு வராது ஐயா’ என்று ஒதுங்கி நின்றவர்களும், ‘இது நீங்கள் படித்த பொருள்கோள்தான்’ என்றவுடன் இருக்கையை முன்னிழுத்து அமர்ந்தனர். அப்பாடத்தையும், அதனை நடத்தும் முன்னர் நாமே செய்த பெரும் பிழையொன்றையும் இக்கட்டுரையில் எழுத முற்படுகிறோம்.

சிறு வரலாறு

சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனிவாவை ஒட்டி அமைந்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ 1989ஆம் ஆண்டு முன்மொழிந்ததே உலகளாவிய வலை. அவர் தொடக்கத்தில் வகுத்த குறிமொழியில் தலைப்பு உண்டு, பத்தி உண்டு, பட்டியல் உண்டு, அட்டவணை இல்லை. 1993இல் டேவ் ராகெட் என்பார் தம் எச்.டி.எம்.எல். பிளஸ் வரைவில் அதற்கு இடமளித்தார். 1995இல் நெட்ஸ்கேப் உலாவியின் 1.1 பதிப்பு அட்டவணையைத் திரையில் காட்டியது. 1997 சனவரியில் வெளியான 3.2 என்னும் தரத்தில் அது முறைப்படி இடம்பெற்றது. அவ்வாண்டு திசம்பரில் வந்த 4.0 அதனை மேலும் செப்பமாக்கியது.

வந்த வேகத்திலேயே அட்டவணை தன் பணியை மறந்தது எனலாம். பக்கத்தின் இடப்புறம் ஒரு பட்டி, நடுவே செய்தி, வலப்புறம் படம் என அழகுற அமைக்க அன்று வேறு வழி எளிதில் இல்லை. எனவே, பக்கம் முழுவதையும் கோடு தெரியாத ஓர் அட்டவணையாக்கி, அறைக்குள் அறை வைத்து, இடைவெளிக்காகக் கண்ணுக்குப் புலப்படாத புள்ளிப் படங்களையும் செருகி வந்தனர். ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் இவ்வழக்கம் ஓங்கியிருந்தது. இன்று பக்க ஒழுங்குக்குச் சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள் மொழி இருக்கிறது. 2014 அக்டோபரில் நிறைவுபெற்ற ஐந்தாம் எச்.டி.எம்.எல். தரமும், அதற்குப் பின் தொடர்ந்து திருத்தப்பட்டு வரும் தரமும், பக்கத்தை ஒழுங்குபடுத்த அட்டவணையைப் பயன்படுத்தலாகாது என்றே கூறுகின்றன. ஒரு தலைப்புக்கும் ஒரு செய்திக்கும் உள்ள உறவைச் சொல்வதற்கே அட்டவணை. இந்த ஒன்றை மறவாதிருந்தால் எஞ்சியவை எளிதில் விளங்கும்.

நிரையும் அறையும்

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பைக் கூறும் விலாதத்துக் காண்டத்தில் 24 படலங்கள், 1240 பாடல்கள். நபித்துவம் பெற்றதைக் கூறும் நுபுவ்வத்துக் காண்டத்தில் 21 படலங்கள், 1104 பாடல்கள். மதீனா நகர் சென்றதையும் பின் நிகழ்ந்தவற்றையும் கூறும் ஹிஜ்ரத்துக் காண்டத்தில் 47 படலங்கள், 2683 பாடல்கள். ஆக, 92 படலங்கள், 5027 பாடல்கள். இவ்வாறு உரைநடையில் எழுதும்போது ‘படலங்கள்’, ‘பாடல்கள்’ என மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது அல்லவா? ஒரே கேள்வி பலவற்றின்மீது கேட்கப்படும் இடத்தில்தான் அட்டவணை பிறக்கிறது.

இதனை அமைக்க அடிப்படையாக நான்கு குறிகள் போதும். அட்டவணை முழுவதையும் சூழ்ந்து நிற்பது டேபிள். அதனுள் ஒவ்வொரு நிரையையும் சூழ்வது டிஆர். நிரைக்குள் தலைப்பு அறை டிஎச். செய்தி அறை டிடி. குறிகள் கோண அடைப்புக்குள் எழுதப்படும். முடியுமிடத்தில் சாய்கோட்டுடன் மீண்டும் எழுதப்படும். இவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். ஈண்டு ஒலிப்பைத் தமிழில் தருகிறோம். இதனை அப்படியே தட்டச்சிட்டால் உலாவிக்கு விளங்காது.

<டேபிள்>
<கேப்ஷன்>சீறாப்புராணத்தின் அமைப்பு</கேப்ஷன்>
<டிஆர்><டிஎச்>காண்டம்</டிஎச்><டிஎச்>படலம்</டிஎச்><டிஎச்>பாடல்</டிஎச்></டிஆர்>
<டிஆர்><டிஎச்>விலாதத்து</டிஎச்><டிடி>24</டிடி><டிடி>1240</டிடி></டிஆர்>
<டிஆர்><டிஎச்>நுபுவ்வத்து</டிஎச்><டிடி>21</டிடி><டிடி>1104</டிடி></டிஆர்>
<டிஆர்><டிஎச்>ஹிஜ்ரத்து</டிஎச்><டிடி>47</டிடி><டிடி>2683</டிடி></டிஆர்>
</டேபிள்>

இதில் நிரலுக்கென்று, அதாவது மேலிருந்து கீழாக இறங்கும் வரிசைக்கென்று, தனிக்குறி எதுவும் எழுதப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. நிரைகளை மட்டும் எழுதுகிறோம். மூன்றாம் அறை மூன்றாம் தலைப்பின்கீழ்த் தானே சென்று அமர்கிறது. இது நிரல்நிறை இலக்கணமே அன்றி வேறன்று. அதனால் வரும் இடரும் நிரல்நிறைக்கு உரியதே. ஒரு நிரையில் ஓர் அறையை விட்டுவிட்டால் அதற்குப் பின் நிற்பவை யாவும் ஒவ்வோர் இடம் இடப்புறம் நகர்ந்து, பிறருடைய தலைப்பின்கீழ்ப் போய் நிற்கும். உலாவி குறை கூறாது. எனவே சொல்வதற்குச் செய்தி இல்லாவிடினும் வெற்று அறையொன்றை அவ்விடத்தில் வைத்தே ஆக வேண்டும். அவ்வறையிலும் ‘இல்லை’ என்று எழுதிவிடுவது இன்னும் நன்று; காரணம் பின்னர் விளங்கும்.

கேப்ஷன் என்பது அட்டவணையின் பெயர். டேபிள் குறி திறந்தவுடன் முதலில் இதுவே வருதல் வேண்டும். காண்டங்களின் பெயர்களையும் டிஎச் ஆக எழுதியிருப்பது ஏன் என்று மாணவர் வினவுவர். 1240 என்னும் எண்ணுக்கு மேலே ‘பாடல்’ தலைப்பாக நிற்பதுபோல, இடப்பக்கத்தில் ‘விலாதத்து’ம் தலைப்பாகவே நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அவ்வெண்ணுக்குப் பொருள். எத்தலைப்பு எத்திசைக்கு உரியது என்பதைத் தெளிவுறுத்த, டிஎச் குறிக்குள் ஸ்கோப் என்னும் பண்பை எழுதுவர். கீழ்நோக்கி ஆள்வதாயின் அதன் மதிப்பு கோல். பக்கவாட்டில் ஆள்வதாயின் ரோ. கூட்டுத்தொகையாகிய 92, 5027 ஆகியவற்றை இறுதியில் டிஃபுட் என்னும் பகுதிக்குள் ஒரு நிரையாக வைக்கலாம். அவ்வாறே தலைப்பு நிரைக்கு டிஹெட், நடுப்பகுதிக்கு டிபாடி எனப் பகுதிகள் உண்டு.

இதனை நோட்பேடில் எழுதி, கோப்புப் பெயரின் இறுதியில் எச்.டி.எம்.எல். என்னும் ஒட்டினைச் சேர்த்துச் சேமித்து, உலாவியில் திறந்து பார்த்தால் போதும். சேமிக்கும்போது யு.டி.எஃப்.-8 குறியாக்கத்தைத் தேர்ந்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதனை அறிவித்துவிட வேண்டும். எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியேற்றம் இருந்த 1990களில் தமிழ் அட்டவணையொன்றை மற்றவர் கணினியில் திறந்தால் கட்டங்கள் இருக்கும், தமிழ் இராது. 2010இல் தமிழ்நாடு அரசே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இன்றைய மாணவர்க்கு அத்துன்பம் இல்லை.

முதன்முதலில் திறப்போர், ‘கோடுகளே இல்லையே’ என்று வருந்துவர். கோடு, வண்ணம், இடைவெளி ஆகியவை சி.எஸ்.எஸ். வேலை. பார்டர் என்னும் பண்பால் கோடிட்டு, பார்டர்-கொலாப்ஸ் என்பதற்குக் கொலாப்ஸ் என மதிப்பளித்தால் இரட்டைக் கோடுகள் ஒன்றாகும். எண்களை வலப்புறமாக ஒழுங்குசெய்தால் ஒன்றுக்கு நேர் ஒன்றும் பத்துக்கு நேர் பத்தும் நிற்கும். நூலகத்தில் உள்ள பழைய கணினி நூல்களைப் பார்த்து, டேபிள் குறிக்குள்ளேயே பிஜிகலர், செல்பேடிங் என்றெல்லாம் எழுதிவரும் மாணவரும் உளர். உலாவிகள் இன்னும் அவற்றைப் பொறுத்துக்கொள்கின்றன. தரம் அவற்றை நீக்கிவிட்டது.

நாம் செய்த பிழை

2023ஆம் ஆண்டு நம் துறையின் அகமதிப்பீட்டுத் தேர்வு நேரத்தை வலைப்பக்கத்தில் இடும் பொறுப்பு நம்மிடம் வந்தது. பார்வையற்ற மாணவர் ஒருவர் அப்போது இரண்டாம் ஆண்டில் பயின்றுகொண்டிருந்தார். கைப்பேசியிலும் கணினியிலும் திரைபடிப்பான் என்னும் மென்பொருள் வாசிக்கக் கேட்டே அவர் படிப்பார். நாள்களை நிரைகளாகவும், முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு என்பனவற்றை நிரல்களாகவும் வைத்து, அறைகளில் தேர்வு தொடங்கும் மணியை மட்டும் எழுதினோம். தலைப்பு உட்பட எல்லாவற்றையும் டிடி ஆகவே எழுதித் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினோம். கோடுகள் வேண்டா என எண்ணி விட்டுவிட்டோம். காண்பதற்குத் தூய்மையாக இருந்தது. உடன் பணியாற்றுவோர் பாராட்டவும் செய்தனர்.

ஒரு நாளில் முதலாண்டுக்குத் தேர்வு இல்லை; அவ்வறை வெற்றாக இருந்தது. இரண்டாமாண்டுக்கு 10 மணி. மூன்றாமாண்டுக்கு 2 மணி. அந்நிரையைத் திரைபடிப்பான் அம்மாணவருக்கு நாள், 10, 2 என்று வாசித்தது. தலைப்பறை ஒன்றுகூட இல்லாத, கோடும் இல்லாத அட்டவணையைப் பக்க ஒழுங்குக்காக இட்டது எனக் கருதி, அறையெண்ணும் தலைப்பும் கூறாமல் வெறும் உரையாக வாசித்துச் செல்வது இம்மென்பொருள்களின் வழக்கம். 1990களின் பழக்கம் விட்டுச்சென்ற எச்சம் அது. தம் ஆண்டு இரண்டாவது. ஆகவே தமக்குரியது இரண்டாவதாக ஒலித்த 2 மணி என்று அவர் நிரல்நிறையாகவே பொருள் கொண்டார். அவர் கொண்டதில் பிழையில்லை. பிற்பகல் 1.30க்கு எழுத்தருடன் அவர் துறைக்கு வந்தபோது, அவர் வகுப்பின் விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

மறுதேர்வு நடத்திக் கொடுத்தோம் என்பது உண்மை. ஆயினும் ‘என் கவனக்குறைவு ஐயா’ என்று அவர் நம்மிடம் மன்னிப்புக் கேட்டதுதான் இன்றளவும் நெஞ்சை உறுத்துகிறது. அன்று மாலை அவரை அருகிருத்தி அப்பக்கத்தை வாசிக்கச் செய்து கேட்ட பின்னரே நிகழ்ந்தது இன்னதென்று நமக்குப் புரிந்தது. பொருள்கோள் நடத்தும் ஆசிரியர், பொருள் கொள்ள இயலாத ஒன்றை எழுதியிருந்தோம்.

தலைப்புகளை டிஎச் ஆக்கி, ஸ்கோப் சேர்த்து, கேப்ஷன் எழுதி, வெற்றறையில் ‘தேர்வு இல்லை’ என்று நிரப்பினோம். இதற்கு ஆன நேரம் கால் மணிக்கும் குறைவே. அவர் பயன்படுத்தியது என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைபடிப்பான். அதில் ஆங்கில டி எழுத்தை அழுத்தினால் அடுத்த அட்டவணைக்குத் தாவும். கண்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் அம்புக்குறியை அழுத்தினால் அறை அறையாக நகரும். நிரல் மாறும்போது அதன் தலைப்பைச் சொல்லும். இப்போது வலப்புறம் நகர்ந்தபோது ‘இரண்டாமாண்டு, 10 மணி’ என்றே ஒலித்தது. இவ்வாறன்றித் தட்டச்சிட்ட தாளைப் படம் பிடித்து அப்படியே பக்கத்தில் ஒட்டிவிடும் பழக்கமும் கல்விக்கூடங்களில் பரவலாக உண்டு. அது இதனினும் கேடு; அதில் உள்ளதைத் திரைபடிப்பான் அறையறையாக எடுத்துச் சொல்ல வழியில்லை.

அறைகளை இணைத்தல்

இரண்டு மூன்று அறைகளை ஒன்றாக்க இரு பண்புகள் உள்ளன. பக்கவாட்டில் இணைப்பது கோல்ஸ்பேன்; மேலும் கீழுமாக இணைப்பது ரோஸ்பேன். இதனைக் கற்பிக்க உயிர்மெய் அட்டவணையினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. மெய் 18 நிரைகள், உயிர் 12 நிரல்கள், உயிர்மெய் 216 அறைகள். இடப்புறம் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று இனப்பெயர் நிரலொன்றையும் சேர்க்கச் சொன்னோம். ‘ஒவ்வோர் இனத்திலும் ஆறு எழுத்து, எனவே மூன்று இடத்தில் ரோஸ்பேன் 6’ என்று மாணவர் விரைந்து கூறினர்.

அங்கேதான் தடை. மரபு வரிசையில் க, ங, ச, ஞ என்று வல்லினமும் அதன் இனமாகிய மெல்லினமும் மாறி மாறி நிற்கின்றன. ய, ர, ல, வ, ழ, ள என்னும் இடையினம் ஆறு மட்டுமே தொடர்ந்து நிற்கின்றன. இறுதியில் மீண்டும் ற, ன என்னும் இணை. அடுத்தடுத்து நில்லாத அறைகளை எவ்வாற்றானும் இணைத்தல் இயலாது. ஆகவே வல்லினத்தை ஒரே அறையில் காட்ட வேண்டுமாயின் மரபு வரிசையைக் கலைக்க வேண்டும். மரபு வரிசையைக் காப்பதாயின் இணைகளுக்கு ரோஸ்பேன் 2 இட்டு இனவெழுத்துறவைக் காட்டலாம், வல்லினத்தை ஒருசேரக் காட்ட இயலாது. ஓர் அட்டவணை எவ்வுறவைக் காட்ட வந்தது என்பதை எழுதுவோர் முன்னரே துணிந்தாக வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. குறில், நெடில் என மேலே கோல்ஸ்பேன் இட முயன்றாலும் இதே நிலைதான். நம் முன்னோர் வகுத்த வரிசை எத்துணை நுட்பமாக இரு வேறு உறவுகளைப் பின்னி வைத்திருக்கிறது என்பதை இப்பயிற்சியால் மாணவர் மட்டுமல்லர், நாமும் புதிதாய் உணர்ந்தோம்.

இனவாரியாகப் பிரித்து எழுதுவதாக முடிவு செய்தோம். வல்லினத்தின் முதல் நிரையில் இனப்பெயர் ஒன்று, மெய் ஒன்று, உயிர்மெய் பன்னிரண்டு ஆக 14 அறைகள். அடுத்த ஐந்து நிரைகளில் 13 மட்டுமே எழுத வேண்டும். இனப்பெயர் அறை மேலிருந்து இறங்கி வந்து அவ்விடத்தை நிரப்பியிருக்கிறது. இதை மறந்து 14 எழுதுவோரின் அட்டவணை வலப்புறம் பல் நீட்டி நிற்கும். மூன்று இனங்களுக்கும் மூன்று டிபாடி பகுதிகள் இட்டு, இனப்பெயருக்கு ஸ்கோப் பண்பின் மதிப்பாக ரோக்ரூப் என்று எழுதினோம்.

அரபுத்தமிழ் கற்கும் மாணவர் ஒருவர், வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்துக்கு என் செய்வது என்று வினவினார். அட்டவணை முழுவதும் அரபுத்தமிழாயின் டேபிள் குறியில் டிர் என்னும் பண்புக்கு ஆர்.டி.எல். என மதிப்பிட்டால், முதல் அறை வலக்கோடியில் அமர்ந்து எஞ்சியவை இடம்நோக்கிச் செல்லும். இதனை எதிர் நிரல்நிறை என மயங்கலாகாது. தலைப்பும் செய்தியும் ஒருங்கே திரும்புவதால் முறை மாறுவதில்லை. தமிழ் அட்டவணையில் ஓர் அறை மட்டும் அரபு எழுத்தில் இருப்பின் அப்பண்பை அவ்வறைக்கு மட்டும் இட்டால் போதும்.

பதினான்கு நிரல் கொண்ட அட்டவணை கைப்பேசித் திரையில் அடங்காது. அதனை டிவ் என்னும் பெட்டிக்குள் வைத்து, ஓவர்ஃப்ளோ-எக்ஸ் என்பதற்கு ஆட்டோ என மதிப்பளித்தால் விரலால் நகர்த்திப் பார்க்கலாம். வலக்கோடி திரைக்கு வெளியே மறைந்திருக்கும். உயிர்மெய் அட்டவணையை மாணவர் முடித்துத் தந்தபோது நாம் மும்முறை கண்ணால் சரிபார்த்தோம், அதுவும் கைப்பேசியில். பின்னர் அதே பார்வையற்ற மாணவரிடம் கொடுத்தோம். அவர் அறை அறையாகக் கேட்டுக்கொண்டே வந்து, இடையினத்தின் இறுதி நிரையில் நின்றார்.

“ஐயா, ‘ஊ’ என்னும் தலைப்பின்கீழ் ‘ளெ’ ஒலிக்கிறதே?” என்றார்.

‘ளு’ என்னும் ஓர் அறை விடுபட்டிருந்தது. அதற்குப் பின் நின்றவை யாவும் ஓரிடம் நகர்ந்து, ஔகாரத்தின்கீழ் ஒன்றுமில்லாமல் இருந்தது. அந்நிரலோ நம் திரைக்கு வெளியே இருந்தது. விடுபட்ட அறையை எழுதிச் சேமித்தோம். அவர் அந்நிரையின் தொடக்கத்திற்குச் சென்று, ‘ளௌ’ வரை மீண்டும் ஒருமுறை கேட்டு முடித்தார்.